கோல்ஃப் ஆட்டமும் பெண்களும்: தாமதமாகத் திறந்த கதவுகள்

கோல்ஃப் விளையாட்டில் பெண்களின் பங்கேற்பு அண்மை ஆண்டுகளில் அதிகரித்துள்ளது. அமெரிக்காவில் 2023 ஆம் ஆண்டில் மைதானத்தில் இறங்கி ஆடிய பெண்கள் ஏறத்தாழ 70 லட்சம் பேர் என்று அந்நாட்டின் தேசிய கோல்ஃப் அறக்கட்டளை கணக்கிட்டது. ஆடுவோரின் மொத்த எண்ணிக்கையில் இது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்.

ஆனால் ஆடுவது வேறு, கழகத்தில் அங்கத்தவராவது வேறு. இந்த விளையாட்டின் தாயகமான ஸ்காட்லாந்தின் மிகப் பிரபலமான கழகங்கள் இரண்டு, பெண்களை அங்கத்தவர்களாகச் சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்தது 2014 இலும் 2017 இலும்தான். சட்டம் அவற்றைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

பெண்கள் இந்த ஆட்டத்துக்குப் புதியவர்கள் அல்லர். எடின்பரோவை அடுத்த மசல்பரோவில் மீன் விற்கும் பெண்களுக்காக 1811 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த போட்டிக்கு, உள்ளூர்க் கழகம் ஒரு மீன்கூடையையும் சால்வையையும் பரிசாக அறிவித்திருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1867 இல் மகளிர் கழகம் ஒன்று உருவானது. மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது பெண்களுக்கு அழகல்ல என்று கருதப்பட்ட காலம் அது. எனவே, குழியை நோக்கிப் பந்தை மெல்லத் தட்டிவிடுவதோடு அவர்கள் ஆட்டம் நின்றது. 1893 இல் மகளிர் கோல்ஃப் சங்கம் அமைந்து, பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன் போட்டியும் தொடங்கியது.

மைதானம் இவ்வாறு மெல்லத் திறந்தபோதிலும், முடிவெடுக்கும் அறை மூடியே இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கழகம் 1754 இல் தோன்றியது. அமெரிக்காவும் மெக்சிகோவும் நீங்கலாக உலகெங்கும் இந்த ஆட்டத்தின் விதிகளை அக்கழகமே நிர்வகித்து வந்தது. 2004 இல் அந்தப் பொறுப்பு ஆர் அண்ட் ஏ என்ற தனி அமைப்புக்கு மாற்றப்பட்டது. அதாவது, கொழும்பிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஒரு பெண் ஆடிய ஆட்டத்துக்கும், பெண்களுக்கு இடமில்லாத ஒரு கழகமே நீண்டகாலம் விதி வகுத்தது. 2007 இல் மகளிர் பிரிட்டிஷ் ஓப்பன் முதல் முறையாகச் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடைபெற்றபோது, வீராங்கனைகளுக்குக் கழக இல்லத்தின் கதவு திறந்தது. ஆனால் அது அந்த ஒரு வாரத்துக்கான ஏற்பாடு மட்டுமே.

பிரிட்டனின் 2010 ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம், இருபாலாரும் உள்ள கழகங்களில் பெண்களை இரண்டாம் தர அங்கத்தவர்களாக நடத்துவதைத் தடை செய்தது. ஆனால் ஆண்கள் மட்டுமே உள்ள கழகங்களை அது அனுமதித்தது. சற்று விநோதமான நிலைமைதான்: பெண்களைப் பாதியளவு சேர்த்தால் சட்டமீறல், முற்றிலும் ஒதுக்கினால் மீறல் இல்லை.

எனவே நெருக்குதல் வேறு திசையிலிருந்து வந்தது. போட்டிகளுக்குப் பணம் தரும் நிறுவனங்கள் தமது சங்கடத்தை வெளியிடத் தொடங்கின. 2014 செப்டம்பர் 18 ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் சுதந்திரம் குறித்த கருத்தறியும் வாக்கெடுப்பு நடந்த அதே நாளில், ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கழகத்தினரில் வாக்களித்தோரில் 85 சதவீதத்தினர் பெண்களை ஏற்க ஆதரவளித்தனர். ஸ்வீடனின் அன்னிகா சோரன்ஸ்டாம் உட்பட சிலர் மறு ஆண்டு கௌரவ அங்கத்தவர்களாயினர்.

மியூர்ஃபீல்டின் கதை இதைவிடச் சிக்கலானது. 1744 இல் கோல்ஃபின் முதல் எழுத்துபூர்வ விதிகளை வகுத்த எடின்பரோ கோல்ஃபர்கள் குழுமத்தின் மைதானம் இது. ஓப்பன் போட்டியை 16 முறை நடத்திய இடம். பெண்கள் இங்கு விருந்தினராக ஆடலாம், அங்கத்தவராக முடியாது. 2016 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் 64 சதவீதத்தினர் மாற்றத்தை ஆதரித்தும், மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மைக்கு 14 வாக்குகள் குறைந்தன.

எதிர்த்தவர்கள் முன்வைத்த காரணங்கள் ஆராயத்தக்கவை. இணைக்கு ஒரே பந்து என்ற முறையில் காலையில் விரைவாக ஓர் ஆட்டம், பின்னர் நிதானமான மதிய உணவு, மீண்டும் ஓர் ஆட்டம் என்பது அக்கழகத்தின் வழக்கம். பெண்கள் வந்தால் ஆட்டத்தின் வேகம் குறையும், உணவு மேசையின் சூழலும் மாறும் என்று ஒரு தரப்பினர் அஞ்சினர். நூற்றாண்டுகளாக நீடித்த விலக்குக்கு இதைவிடக் கனமான வாதம் எதுவும் முன்வைக்கப்படவில்லை என்பது வியப்பளிப்பது.

முடிவு வெளியான அதே நாளில், மியூர்ஃபீல்டில் இனி ஓப்பன் நடைபெறாது என்று ஆர் அண்ட் ஏ அறிவித்தது. ஓப்பன் என்பது அப்பகுதியின் விடுதிகளுக்கும் வணிகர்களுக்கும் பல கோடி பவுண்ட் வருவாய். 2017 மார்ச்சில் மறுபடியும் வாக்கெடுப்பு நடந்தது. இம்முறை ஆதரவு 80 சதவீதம். முதல் நாள் வரை கேட்டுவந்த மதிய உணவுக் கவலை, பத்தே மாதங்களில் பெரும்பாலோருக்குப் பொருட்டல்லாமல் போயிருந்தது. ஆயினும் காத்திருப்போர் பட்டியல் நீளமானது என்பதால், முதல் 12 பெண்களுக்கு அழைப்பு சென்றது 2019 இல்தான்.

2022 ஆகஸ்டில் மகளிர் ஓப்பன் மியூர்ஃபீல்டுக்கு முதல் முறையாக வந்தது. இருள் கவியும் வேளையில், நான்காவது கூடுதல் ஆட்டத்தில் தென் கொரியாவின் சுன் இன் ஜியை வென்றார் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி பூஹாய். மொத்தப் பரிசுத்தொகை 73 லட்சம் டாலர். அதே கோடையில் ஆடவர் ஓப்பனுக்கு வழங்கப்பட்டது 1 கோடியே 40 லட்சம் டாலர். ஆடவர் ஓப்பன் மியூர்ஃபீல்டில் அதற்கு முன் நடைபெற்றது 2013 இல். விலக்கு நீங்கிய பின் அந்த மைதானத்துக்கு முதலில் வந்தது மகளிரின் போட்டி.