விளக்குப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்

பிற்பகல் மூன்று மணி. சேலைப் பிரிவில் ஆளே இல்லை. விளக்குகள் மட்டும் எரிகின்றன. அணைத்தால் கல்லாவும் சேர்ந்து இருண்டுவிடும். கம்பி இழுத்த அன்றே மாடிக்கு ஒரு சுவிட்ச் என்று முடிவாகிவிட்டது. எல்.இ.டி. மாட்டியும் மின்கட்டணம் போதிய அளவு குறையவில்லை என்று வருந்தும் வணிகப் பெருமக்கள் முதலில் இதைக் கவனிக்க வேண்டும்.

சிறு கடைக்குக் கூடுதலாக இரண்டு சுவிட்ச் வைத்தாலே போதும். பல மாடிக் கடைகளுக்கு 'டாலி' என்ற பொதுமுறை உண்டு, ஐ.இ.சி. 62386 அதன் சர்வதேசத் தர எண். மின்கம்பியுடன் இரண்டு கட்டளைக் கம்பிகளும் விளக்குக்கு விளக்கு செல்லும். ஓர் இணைப்பில் 64 முகவரிகள், 16 குழுக்கள். அலமாரியை இடம் மாற்றினால் கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. குழுவை மாற்றி எழுதினால் போதும்.

சிக்கல் பிறகுதான் வரும். எந்த விளக்குக்கு எந்த முகவரி என்ற பட்டியல் ஒப்பந்தக்காரரிடமே தங்கிவிடுகிறது. ஒரு டிரைவர் பழுதாகி மாற்றினால், புதியதற்கு முகவரி எழுதும்வரை அது குழுக் கட்டளைக்குக் கட்டுப்படாது. அவரையே தேடிப்பிடித்து, கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டியதுதான். ஆகவே கடைசித் தவணையைத் தருமுன் பட்டியலையும் அமைப்புக் கோப்பையும் வாங்கிவிடுங்கள்.

கட்டளைக் கம்பிதானே என்று தொலைபேசி வயரை இழுக்கவும் விடாதீர்கள். மின்சாரத்துக்குரிய காப்புள்ள கம்பியே வேண்டும்.