வீட்டுத் திரையில் பறந்த மணிகள் லாக்புக்கில் ஏறாது

செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில் இன்று பயிற்சிக்கு உட்காருபவர் பலர் வட்டமுள் கருவிகளைப் பார்ப்பதில்லை. கார்மின் ஜி1000 என்ற அமைப்பின் இரண்டு பெரிய திரைகள்தான் எதிரே இருக்கும். 2004 வாக்கில் சிறு விமானங்களுக்கு வந்த இந்த அமைப்பில் உயரம், வேகம், வரைபடம், என்ஜின் வெப்பம், ரேடியோ எல்லாம் அடக்கம். ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் ஒரு மெனு, அதற்குள் இன்னொன்று. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, மணிக்கணக்கில் கட்டணம் ஏறிக்கொண்டிருக்க, காற்றில் வைத்து இதைக் கற்பது பணத்துக்கும் கேடு, பாதுகாப்புக்கும் கேடு. அதனால் வீட்டுக் கணினியில் எக்ஸ்-பிளேன், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போன்றவற்றை வைத்துப் பழகுவதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அது எதைத் தரும், எதைத் தராது, அதன் பெயரால் எங்கே ஏமாறலாம் என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட மின்னணுத் திரை வந்தாலே விபத்து குறைந்துவிடும் என்ற நம்பிக்கை சரியா என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து 2010 மார்ச்சில் சொன்னது. 2002 முதல் 2006 வரை தயாரான 8,000-க்கும் மேற்பட்ட சிறு விமானங்களை அது ஒப்பிட்டது. 2006, 2007 ஆண்டுகளில் 1 லட்சம் பறப்பு மணிக்கு நேர்ந்த உயிர்ப்பலி விபத்துகள் திரை உள்ளவற்றில் 1.03, பழைய முள் கருவி உள்ளவற்றில் 0.43. திரை விமானங்கள் நீண்ட பயணங்களுக்கும் மோசமான வானிலையிலும் கூடுதலாகப் பறந்தன என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் வாரியத்தின் முடிவு தெளிவானது: விமானத்தில் எந்தக் கருவி இருக்கிறதோ அந்தக் கருவிக்கே உரிய பயிற்சி விமானிக்கு வேண்டும், அதற்குச் சிமுலேட்டர்களும் பயன்பட வேண்டும்.

வீட்டில் பழகத் தகுந்தவற்றில் முதலிடம் ஊசியின் நிறத்துக்குத்தான். ஜி.பி.எஸ். வழியில் போகும்போது வழி விலகலைக் காட்டும் ஊசி ஊதா கலந்த சிவப்பாக இருக்கும்; ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். அலைவரிசையைப் பின்பற்றும்போது பச்சை. ஐ.எல்.எஸ். மூலம் இறங்கும்போது இயந்திரம் பல நேரம் தானே பச்சைக்கு மாறிவிடும். மாறாமல் போகும் நாளில் ஊசி எதைப் பின்பற்றுகிறது என்பதை மாற்றும் சி.டி.ஐ. பொத்தானை விமானி அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் ஊசி நடுவில் நிற்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைப்பார்; ஆட்டோபைலட்டோ இறங்கு சரிவைப் பிடிக்காமல் அதே உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். “ஊசி என்ன நிறம், ஆட்டோபைலட் எந்த நிலையில்?” என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை மேசை முன்னால் உட்கார்ந்தே கொண்டுவந்துவிடலாம்.

அடுத்தது பழுதுப் பயிற்சி. முதன்மைத் திரை அணைந்தால் சிவப்பு நிற டிஸ்ப்ளே பேக்கப் பொத்தானை அழுத்தி, முக்கியத் தகவல்களை மற்றத் திரைக்குக் கொண்டுவர வேண்டும். மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் நின்றால் எதை முதலில் அணைப்பது, செயற்கைத் தொடுவானத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தால் எந்த மாற்றுக் கருவிக்குக் கண் போக வேண்டும் என்பதெல்லாம் கைக்குப் பழகியிருக்க வேண்டும். பறக்கும் விமானத்தில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் கற்கிற விஷயம் இல்லை இது. இந்த ஒன்றுக்காகவே சிமுலேட்டர் வாங்கலாம்.

அபாயங்கள் சத்தமில்லாமல் வருபவை. ஜி1000 குமிழின் வெளி வளையம் கட்டத்தை நகர்த்தும், உள் வளையம் எழுத்தை மாற்றும். மௌஸால் சொடுக்கிப் பழகிய விரலுக்கு இது தெரியாது. சிமுலேட்டரில் இருப்பது உங்கள் விமானத்தில் உள்ள மென்பொருளின் அதே பதிப்பு என்பதற்கும் உறுதி இல்லை. ஆகவே தயாரிப்பாளரின் கையேட்டையும், உங்கள் விமானத்துக்கான இயக்க நூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழித்தரவுகள் 28 நாளுக்கு ஒருமுறை மாறுபவை. சிமுலேட்டருக்கென்று விற்கும் தரவையோ வரைபடத்தையோ உண்மைப் பயணத்துக்கு எடுத்துச் செல்லவே கூடாது.

உடல் விஷயம் இன்னும் பெரிது. மேகத்துக்குள் விமானம் சாய்ந்திருக்க, உள்காது “நேராகத்தான் போகிறாய்” என்று பொய் சொல்லும். வீட்டு நாற்காலி அதைச் சொல்லித்தராது. திரையையே பார்த்துப் பழகியவர் உண்மை வானில் வெளியே பார்த்து மற்ற விமானங்களைத் தேடுவதையும் மறக்கிறார். அவ்வப்போது பயிற்றுநரிடம் காட்டித் திருத்திக்கொள்ளாவிட்டால், தப்பான வரிசையே கையில் ஊறிப்போகும்.

இனி மணிக்கணக்கு. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி பறந்திருக்க வேண்டும். கருவிப் பறப்புத் தகுதிக்கு 40 மணி கருவிப் பயிற்சி தேவை. அதில் அதிகபட்சம் 20 மணி சிமுலேட்டரில் இருக்கலாம், அதுவும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) ஒப்புதல் பெற்ற சிமுலேட்டரில் மட்டும். அமெரிக்காவில் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. தன் அனுமதிக் கடிதம் பெற்ற பயிற்சிக் கருவிகளுக்குத்தான் மணி தருகிறது: கருவித் தகுதிக்கு அடிப்படை ரகத்தில் 10, மேம்பட்ட ரகத்தில் 20. உங்கள் வீட்டுக் கணினி இரண்டு நாட்டிலும் கணக்கில் இல்லை. அந்த மணிகளை லாக்புக் எனும் பறப்புப் பதிவேட்டில் ஏற்றினால் உரிமமே போகலாம். போலி மதிப்பெண் சான்று, பறக்காத மணிக்கணக்கு என்று 2011-இல் இந்தியாவில் விமானிகள் கைதானது நினைவிருக்கட்டும்.

ஆகவே “எங்கள் சிமுலேட்டர் மணி உரிமத்தில் சேரும்” என்று யாராவது சொன்னால் ஒப்புதல் ஆவணத்தைக் கேளுங்கள். அது எந்தக் கருவிக்கு, எந்தத் தேதி வரை என்று படித்துப் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை. ரசீதில் சிமுலேட்டர் மணியும் விமான மணியும் தனித்தனியாக இருக்க வேண்டும். மென்பொருள் உரிமத்தையும் விசாரியுங்கள். எக்ஸ்-பிளேனின் வீட்டுப் பதிப்பைக் கட்டணப் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. அதற்குத் தொழில்முறை உரிமம் தனியாக உண்டு.

வாங்கியது சரியில்லை என்றால் வழி இருக்கிறது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியிருந்தால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கூடுதல் விமானங்களையும் கருவிப் பலகைகளையும் விற்கும் கடைகளின் விதிகள் வேறுபடும். பணம் கட்டும் முன் படியுங்கள். சொன்னதற்கு மாறான பொருளை இந்திய விற்பனையாளர் தந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் முறையிடலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பயிற்சிப் பள்ளி மீதான புகாரில் மட்டும் ஒரு சிக்கல்: கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதில் தீர்ப்புகள் இருவேறாக வந்திருக்கின்றன. அதனால் பள்ளியின் விளம்பரம், கட்டண ரசீது, சிமுலேட்டர் மணி பற்றி அவர்கள் எழுதிய மின்னஞ்சல் எதையும் தூக்கிப் போடாதீர்கள். குறை நேர்ந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும்.