விழுந்த மரத்தை அறுத்தவருக்குக் கூலி எங்கிருந்து வரும்?

புயல் ஓய்ந்த மறுநாளே தோப்புகளில் பவர் சா சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் இதே கதைதான். சாய்ந்த தென்னையைப் போட்டு வைக்கவும் முடியாது. மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, மிஞ்சி நிற்கும் மரங்களையும் கெடுக்கும். ஆனால் கையில் காசு இருக்காது. "இன்சூரன்ஸ் பணம் வந்ததும் தந்துடறேன்" என்று சொல்வோம். மெஷின்காரரும் நம்பி இறங்கிவிடுவார். டீசல் அவருடையது, ஆட்களுக்கு அன்றாடக் கூலியும் அவர்தான் தர வேண்டும்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஆபத்து இருக்கிறது. பாலிசி என்பது தோப்புக்காரருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். மரம் அறுத்தவருக்கு அதில் இடமே இல்லை. கம்பெனியிடம் போய்க் கேட்டாலும், "உங்க பேர்ல பாலிசி இல்லையே" என்றுதான் பதில் வரும். வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில், பணம் எங்கெங்கே தடைபடும் என்று சொல்கிறேன்.

தொகை மரத்துக்கு, கூலிக்கு அல்ல. தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை காப்பீட்டுத் திட்டத்தில் 4 முதல் 15 வயது மரத்துக்கு 900 ரூபாய், 16 முதல் 60 வயது மரத்துக்கு 1,750 ரூபாய் என்று வகுத்திருந்தார்கள். அது மரம் போனதற்கான ஈடு. கஜா சமயத்தில் மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று தனித்தனியாகக் கொடுத்தது அரசு நிவாரணம். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பலர் வாக்குக் கொடுத்துவிடுகிறோம்.

வீட்டு பாலிசியிலும் வரம்பு உண்டு. 2021 முதல் நடப்பில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில், இடிபாடு அகற்றும் செலவு இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரைதான். வீட்டுக்கு 2 லட்சம் கிடைத்தால் மரத்தை எடுக்க 4,000. கிரேன் வாடகைக்கே அது காணாது. மரம் வீட்டைத் தொடாமல் வாசலில் விழுந்திருந்தால் அதுவும் இல்லை.

பணம் வங்கிக்குப் போகலாம். அடமானம் வைத்த வீடு என்றால் இழப்பீட்டைக் கடன் கொடுத்த வங்கியிடமே தரும்படி பாலிசியில் எழுதியிருப்பார்கள். தவணை நின்றுபோன விவசாயி கணக்கில் பணம் விழுந்தாலும், வங்கி பாக்கிக்கு வரவு வைத்துக்கொள்ள இடமுண்டு.

சாட்சி மறைந்துவிடும். கம்பெனி ஆள் வந்து பார்க்கும் முன் அறுத்துவிட்டால், எத்தனை மரம் விழுந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. தோப்புக்காரர் தொகையை இழந்தால், அதை நம்பியவரும் சேர்ந்து இழப்பார்.

ஆகவே மெஷின் இறங்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. எத்தனை மரம், மரத்துக்கு என்ன ரேட், தூர் பறிப்பது சேர்ந்ததா இல்லையா.
2. டீசலுக்கும் ஆள் கூலிக்கும் முன்பணம் எவ்வளவு.
3. மீதிப் பணம் எந்தத் தேதிக்குள். "இன்சூரன்ஸ் வந்தாலும் வராவிட்டாலும்" என்ற சொற்கள் அதில் இருக்கட்டும்.
4. கம்பெனிக்குத் தகவல் சொல்லியாச்சா. ஒவ்வொரு மரத்திலும் எண் போட்டுப் படம் எடுத்தாச்சா.
5. முடிந்ததும் தேதி, மர எண்ணிக்கையுடன் பில். இரண்டு பேர் கையெழுத்து, ஆளுக்கொரு பிரதி.

எழுத்து இல்லை என்றாலும் வழியே இல்லாமல் போகாது. இலவசமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 70. பொதுவாக வேலை முடிந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் ஒரே ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்கு அலைந்து யாருக்கு லாபம்?

ஐப்பசி பிறக்கும் முன்பே ஊர் உழவர் குழு கூடி ரேட்டைப் பேசி முடிவு செய்யலாம். முன்பணத்துக்கென்று பொதுவில் கொஞ்சம் சேர்த்து வைக்கலாம். ஓலை, மட்டையை எரிக்காமல் மூடாக்காகப் போட்டால், அள்ளிக் கொண்டுபோகும் செலவும் மிச்சம். இழப்பீடு எப்போது வேண்டுமானாலும் வரட்டும். அறுத்தவர் வீட்டு அடுப்பு அன்றைக்கே எரிய வேண்டும்.