சொந்த ரத்தம் சுருக்கத்தைப் போக்குமா?

டெங்கு காய்ச்சல் என்றால் “பிளேட்லெட் எவ்வளவு?” என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். அந்தத் தட்டணுக்களைக் கொண்டே முகச் சுருக்கத்தைக் குறைக்கப் பார்க்கும் சிகிச்சை, பி.ஆர்.பி. (பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா) ஊசி.

கையிலிருந்து 10 முதல் 20 மில்லி ரத்தம் எடுத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றுவார்கள். சிவப்பணுக்கள் அடியில் படிய, மேலே மஞ்சள் பிளாஸ்மா பிரிந்து நிற்கும். அதில் தட்டணுக்கள் செறிந்த பகுதியை எடுத்து, மரத்துப்போகச் செய்யும் களிம்பு தடவிய முகத்தில் மெல்லிய ஊசியால் ஏற்றுவார்கள். வழக்கமாக மாதம் ஒருமுறை என மூன்று தடவை.

காயத்தில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், திசு வளரத் தூண்டும் புரதங்களையும் வெளியிடுகின்றன. அவை தோலுக்கு உறுதி தரும் கொலாஜனைப் பெருக்கும் என்பது எதிர்பார்ப்பு. சுருக்கத்துக்குப் போடும் மற்ற ஊசிகளில், போடாக்ஸ் தசையைத் தளர்த்தும். ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும். பி.ஆர்.பி. இரண்டையும் செய்யாது. ஆகவே ஆழமான கோடுகள் இதில் மறையும் என்று நம்ப வேண்டாம். தோலின் சொரசொரப்பும் மெல்லிய கோடுகளும் குறையலாம்.

குறைகிறதா? 2018-இல் ‘ஜாமா டெர்மடாலஜி’ இதழில் வந்த ஆய்வில், ஒரு கன்னத்தில் பி.ஆர்.பி.யும் மறு கன்னத்தில் உப்புநீரும் போட்டார்கள். எதில் எது என்று ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் மதிப்பிட்டவர்களுக்கும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து, பி.ஆர்.பி. போட்ட பக்கமே தேவலை என்றார்கள் ஊசி போட்டுக்கொண்டவர்கள். மதிப்பிட்ட தோல் மருத்துவர்களுக்கோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கணக்கில் வந்தவர்களும் 19 பேர்தான்.

நம் ரத்தமே என்பதால் ஒவ்வாமை அரிது. வீக்கமும் கன்றலும் சில நாளில் வடியும். ஆபத்து, ரத்தத்தைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத அழகு நிலையம் ஒன்றில், ஊசிகளால் முகத்தில் பி.ஆர்.பி. ஏற்றும் ‘வாம்பயர் ஃபேஷியல்’ செய்துகொண்ட பெண்கள் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ரத்தம் அடைத்த, பெயர் எழுதாத குழாய்கள் அங்கே சமையலறையில் கிடந்தன.

எனவே தோல் மருத்துவரிடம் மட்டும் செல்லுங்கள். குழாயில் உங்கள் பெயர் எழுதப்படுகிறதா, புது ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். தட்டணு குறைவு, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, முகத்தில் தொற்று இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொலாஜனை அதிகம் சிதைப்பது வெயில். சன்ஸ்கிரீன் பூசாமல் அலைபவர் அதில் தொடங்குவதே சிக்கனம்.