மண்வெட்டி முதல் கவாத்துக் கத்தரி வரை: தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து வாங்குங்கள்!

கார்த்திகை பாதி ஆனதும் நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் கவாத்து வேலை தொடங்கிவிடும். நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டு, சுற்றிலும் கொத்தி, எரு வைத்து, பாத்தியைத் திருத்தி அமைக்க வேண்டும். அரை ஏக்கர் மல்லிகை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் இந்த வேலைக்கென்றே வாரச் சந்தையில் புது மண்வெட்டி ஒன்று வாங்கினார்கள். பளபளவென்று பெயின்ட் அடித்து, பைப் கணை பற்றவைத்த மண்வெட்டி. முதல் நாள் மதியத்துக்குள் சரளைக் கல்லில் பட்டு அலகு வாழை இலை ஓரம்போல மடங்கிவிட்டது. அன்று வேலைக்கு வந்திருந்த இரண்டு ஆட்களும் முழுக்கூலி வாங்கிக்கொண்டு, அரை வேலையோடு கரையேறினார்கள்.

மறுநாள் அந்த வீட்டு அம்மா அதைப் பக்கத்து ஊர்ப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கொல்லர் கையில் வாங்கியதும் அலகைப் பார்க்கவில்லை. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார்.

“ஏம்மா, இத காய்ச்சி என்ன செய்ய? இதுல தோய்ச்சல் ஏறாதேம்மா.”

“நூத்தம்பது ரூவாதான்னு சொன்னாகண்ணே. அதான் வாங்கிட்டேன்.”

“ஆள் கூலி எவ்வளவும்மா போச்சு?”

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. மண்வெட்டியின் விலையைவிட, மடங்கிப்போன மதியத்தின் விலைதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

டிராக்டர், பவர் டில்லர் வாங்கும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறோம். மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள் வாங்கும்போது விலையை மட்டும் கேட்டுவிட்டுப் பைக்குள் போட்டுக்கொள்கிறோம். சிறு விவசாயி வீட்டில் ஆண்டு முழுவதும் கையில் இருப்பது இந்தக் கருவிகள்தான்.

இரும்பில் என்ன வித்தியாசம்?

இரும்பு என்று பொதுவாகச் சொன்னாலும், அதில் கலந்திருக்கும் கரியின் அளவுதான் கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஜன்னல் கம்பி, கேட் செய்யும் சாதாரண இரும்பில் கரி 0.25 சதவிகிதத்துக்கும் குறைவு. இதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் கூர் நிற்கிற அளவுக்குக் கடினம் ஏறாது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் 0.5 முதல் 0.6 சதவிகிதம் வரை கரி இருக்கும். அதனால்தான் சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தியில் பெயர்பெற்ற அரிவாள்கள் உட்பட, பல ஊர்ப் பட்டறைகளில் லாரிப் பட்டையைத் தேடி வாங்குகிறார்கள்.

கடையில் நிற்கும் விவசாயி கரியை எப்படி அளப்பது? அளக்க முடியாது, ஆனால் சோதிக்க முடியும். பையில் ஒரு சிறிய அரம் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அலகின் ஓரத்தில் லேசாக ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலக் கடித்துக்கொண்டு போனால் அது தோய்ச்சல் ஏறாத இரும்பு. கொஞ்சம் வழுக்கி, கஷ்டப்பட்டுக் கடித்தால் நல்ல பதம். கொஞ்சமும் கடிக்காமல் கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கினால் வாங்காதீர்கள். கடினம் அளவுக்கு மீறியிருக்கிறது. கல்லில் பட்டால் பல் விழும்.

அடுத்தது ஓசை. மண்வெட்டி இலையை ஒரு விரலில் தொங்கவிட்டு, ஒரு நாணயத்தால் தட்டினால் நல்ல இலை மணிபோல நீளமாக ஒலிக்கும். ‘டொக்’ என்று அடங்கினால் உள்ளே விரிசல் இருக்கலாம்; பற்று சரியில்லாமலும் இருக்கலாம். பட்டறையில் சாணைக்கல் ஓடுகிறது என்றால் பொறியையும் பார்க்கலாம். கரி குறைந்த இரும்பில் பொறி நீளக் கோடாகப் போய் அணையும். கரி அதிகமான எஃகில் மத்தாப்பு மாதிரி கிளை கிளையாக வெடிக்கும்.

பெயின்ட் அடித்த கருவி என்றால், கணை நுழையும் துளையைச் சுற்றிக் கூடுதலாகக் கவனியுங்கள். விரிசல், ஓட்டை வெல்டிங் எல்லாம் ஒளிந்திருப்பது அங்கேதான். ஒரே துண்டாக அடித்து எடுத்த இலை நல்லது. பற்றவைத்ததாக இருந்தால் பற்று இடைவெளியில்லாமல் முழுச் சுற்றும் ஓடியிருக்க வேண்டும். நாலு இடத்தில் புள்ளி வைத்து ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இலை தெறித்துப் போனால் எதிரே நிற்பவரின் காலில்தான் விழும்.

‘பழைய லாரிப் பட்டைதான் எப்போதும் உசத்தியா?’

விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எப்போதும் அல்ல. பல ஆண்டுகள் பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கக்கூடும். அனுபவமுள்ள கொல்லர் பழுக்கக் காய்ச்சும்போதே விரிசல் கோட்டைக் கண்டு, அந்தத் துண்டை ஒதுக்கிவிடுவார். அதோடு, பட்டை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. பதம் போடுவதில்தான் கொல்லரின் கை தெரியும்.

அலகைச் செந்நிறமாகக் காய்ச்சி ஓரத்தை மட்டும் நீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பார்கள். அந்த நிலையில் அது கண்ணாடிபோல உடையும் தன்மையோடு இருக்கும். அதை மறுபடியும் இளஞ்சூட்டில் வாட்டும்போது, தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் நிறம் ஓடி வரும். சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம், 260-ஐ ஒட்டிப் பழுப்பு, 280-ல் ஊதா, 300-ல் நீலம். அரிவாளுக்குப் பழுப்பில் நிறுத்தலாம். கல்லோடு மோதும் மண்வெட்டி, கடப்பாரைக்கு ஊதா வரை விட்டால்தான் முனை உடையாமல் தாங்கும். வேலை கொடுக்கும்போது ‘செம்மண்ணா, கரிசலா, சரளையா’ என்று கேட்கும் கொல்லர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கரி விலை ஏறிவிட்டது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு ஊரில் பட்டறை மூடினால், அந்த ஊர் விவசாயிக்குக் கருவியைச் செப்பனிடும் வழியே அடைபட்டுப் போகிறது.

ஒரு எச்சரிக்கை. மின்சாணையில் அழுத்திப் பிடித்து அலகு நீலம் பாய்ந்துவிட்டால், கொல்லர் போட்ட பதம் அந்த இடத்தில் போய்விட்டது என்று அர்த்தம். சாணை பிடிக்கும்போது நொடிக்கொரு தரம் தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். வீட்டில் என்றால் அரம் போதும். ஏற்கெனவே சரிவு இருக்கும் பக்கத்தில் மட்டும், அதே சாய்வில் தேய்க்க வேண்டும். கருக்கரிவாளை மட்டும் வீட்டில் அரம் போட்டுக் கெடுக்காதீர்கள். பல் மழுங்கினால் கொல்லரிடம் கொடுத்துப் புதிதாகக் கருக்கு வைத்துக்கொள்வதே சரி.

எடை: கால் கிலோவின் கணக்கு

கனமாக இருந்தால் உறுதி என்ற நினைப்பு பலருக்கும் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 20 வீச்சு என்றால் ஒரு மணி நேரத்தில் 1,200. நாளில் 4 மணி நேரம் நிஜமாக வெட்டினால் 4,800 வீச்சு. மண்வெட்டி தேவைக்கு மேல் கால் கிலோ கூடுதலாக இருந்தால், அன்று 1,200 கிலோவைக் கூடுதலாகத் தூக்கி இறக்குகிறோம். 50 கிலோ மூட்டையில் 24 மூட்டை! சாயங்காலம் தோள் வலிக்கிறது என்றால் வயதை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புது நிலம் திருத்த, வரப்பு வெட்டக் கனமான இலை. பாத்தி கட்ட, நீர் திருப்ப இலகுவான இலை. முடிந்தால் இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். களை எடுப்பது, அறுப்பது, கொத்துவது என்று பெரும்பகுதி கைவேலை அவர்களுடையது. கடையில் கருவியை வாங்கி வருவதோ பெரும்பாலும் ஆண். அவர் கைக்கு ஏற்றதைத்தான் அவர் எடுத்து வருவார். கணையைப் பிடித்தால் கட்டைவிரல் நுனி சுற்றி வந்து நடுவிரலைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் கணை பருமன். பிடிக்கவே பாதி பலம் போய்விடும். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனமும், புவனேஸ்வரத்தில் உள்ள வேளாண் மகளிருக்கான மத்திய நிறுவனமும் பெண்களின் உயரம், கைப்பிடி அளவுகளைக் கணக்கில் எடுத்துக் கருவிகளை வடிவமைக்கின்றன. போபால் நிறுவனத்தின் ‘நவீன்’ கருக்கரிவாள் அதில் ஒன்று. குனிந்து உட்கார்ந்து களைவெட்டும் இடத்தில், நின்றபடி இழுக்கும் நீளக் கணைக் களைக்கருவியைக் கொடுத்தால் முதுகு தப்பிக்கும். அதன் கணை, நிற்பவரின் மார்பு உயரத்துக்காவது இருக்க வேண்டும். திருந்திய நெல் சாகுபடியில் கோனோவீடர் தள்ளுபவர்களுக்கும் இதே கதைதான். கைப்பிடி உயரத்தை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கணை

நல்ல இலைக்கு மட்டமான கணை போட்டால், நல்ல மாட்டுக்கு அறுந்த கயிறு கட்டியதுபோல. கருவேலம், புளி, வாகை இவற்றில் நேராக ஓடிய கட்டை நல்லது. மரத்தின் நார் கணையின் நீளவாக்கில் முனையிலிருந்து முனைவரை ஓடுகிறதா என்று பாருங்கள். நார் சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால், என்றாவது ஒருநாள் அந்த இடத்தில்தான் உடையும். கணு இருந்தாலும் அப்படியே. பச்சைக் கட்டையில் கணை போட வேண்டாம். பட்டை உரித்து, நிழலில் சில மாதங்கள் காயவைத்த பிறகே போட வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

கோடையில் கணை ஆடத் தொடங்கியதும் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவது நம் பழக்கம். அது ஒருநாள் வைத்தியம். ஊறிய மரம் காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். உள்ளே உளுத்தும் போகும். காய்ந்த மரத்தில் ஆப்பு செதுக்கி இறுக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆளிவிதை எண்ணெய் தடவினால் அது காய்ந்து படலமாகி மரத்தைக் காக்கும்.

இரும்பு பைப் கணை உடையாது என்பது உண்மைதான். ஆனால் கல்லில் படும் அதிர்வு முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். சித்திரை வெயிலில் தொடவே முடியாது. தொரட்டி விஷயத்தில் இது உயிர்ப் பிரச்னை. தேங்காய், முருங்கை, மாங்காய் பறிக்க அலுமினியத் தொரட்டி இலகுவாக இருக்கிறது என்று வாங்குகிறார்கள். தோட்டத்துக்கு மேலே மின்கம்பி போனால் அதைக் கையில் எடுக்கவே கூடாது. நன்கு காய்ந்த மூங்கில்தான் ஓரளவு பாதுகாப்பு. மழையில் நனைந்த மூங்கிலும் பச்சை மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். எனவே கம்பிக்கு அருகில் எந்தத் தொரட்டியும் வேண்டாம்.

கவாத்துக் கத்தரி

இதில் இரண்டு வகை. ஒன்று, கத்தரிக்கோல்போல இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிப் போவது. இன்னொன்று, ஒரு அலகு தட்டையான பரப்பின் மேல் போய் அமர்வது. பச்சைக் கிளைக்கு முதல் வகைதான். இரண்டாவது வகை கிளையை நசுக்கும். நசுங்கிய இடம் சீக்கிரம் ஆறாது, பூஞ்சணம் நுழையும். காய்ந்த குச்சி வெட்ட வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது ஒரு தாளை நுனி அலகால் வெட்டிப் பாருங்கள். இழுபடாமல் வெட்டினால் இரண்டு அலகும் சேர்ந்து ஓடுகின்றன. நடுவில் ரிவெட் அடித்ததை விட, போல்ட் போட்டதை வாங்கினால் பின்னால் இறுக்கலாம், கழற்றிச் சாணை பிடிக்கலாம். ஸ்பிரிங் தனியாகக் கிடைக்குமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். விரல் பருமனுக்கு மேற்பட்ட கிளையைக் கத்தரியில் திருகி வெட்டாதீர்கள். கொய்யா, முருங்கையில் தடித்த கிளைக்குக் கவாத்து ரம்பம் தனியாக வேண்டும்.

சொறிநோய் தாக்கிய எலுமிச்சையை வெட்டிய கத்தரியோடு அடுத்த மரத்துக்குப் போனால் நோயும் கூடவே போகும். 70 சதவிகித ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அலகைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த மரத்தைத் தொட வேண்டும்.

வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, ஈரம் துடைத்து, அலகில் எண்ணெய் தடவி, அலகு உள்பக்கம் பார்க்கச் சுவரில் மாட்டுங்கள். குழந்தைகள் ஓடியாடும் முற்றத்தில் அரிவாளைச் சாத்தி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. கருவியால் வெட்டுக்காயம் பட்டால், துரு பிடித்ததோ புதியதோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டி.டி. ஊசி பற்றிக் கேளுங்கள். ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது.

அரசுத் திட்டங்களில் பண்ணைக் கருவித் தொகுப்புகள் மானியத்தில் வருவதுண்டு. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் இந்த ஆண்டு இருப்பு உண்டா என்று விசாரித்துக்கொள்ளலாம். அங்கேயும் அரத்தையும் நாணயத்தையும் எடுத்துச் செல்வதில் தவறில்லை.

நிலக்கோட்டைப் பக்கத்து அம்மாவுக்குக் கொல்லர் லாரிப் பட்டையில் புதிதாக ஓர் இலை அடித்துக் கொடுத்தார். கருவேலங்கணையை அவர் முன்னால் நிற்கவைத்து அளந்து, கைக்குத் தக்கபடி இரண்டு முறை இழைத்துப் போட்டார். கவாத்து நான்கு நாள் தள்ளிப்போனது. சந்தை மண்வெட்டியும் வீணாகவில்லை. தொழுவத்தில் சாணம் வழிக்க அதுவே போதுமானதாக இருக்கிறது.