கேம் ஆடும்போது கம்ப்யூட்டர் படக்கென்று அணையுதா? கார்டு மேல பழி போடாதீங்க!

சென்னை:

பையன் கேட்கிறானே என்று கடன் வாங்கி கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போடுகிறார்கள் பெற்றோர். சினிமா பார்த்தால் ஒழுங்காக ஓடும் கம்ப்யூட்டர், கேம் தொடங்கியதும் ‘படக்’கென்று அணைந்து விடுகிறது. 'கார்டு போச்சு' என்று பதறி ரிச்சி தெருவுக்கு ஓடுகிறார்கள். பல நேரம் கார்டு மீது தப்பே இருக்காது.

‘எஸ்.எம்.பி.எஸ்.’ எனப்படும் பவர் சப்ளை பெட்டிதான் காரணமாக இருக்கும். சினிமா ஓடும்போது கார்டுக்கு வேலை குறைவு. கேம் ஓடினால் கரண்டை உறிஞ்சும். ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும். அதற்கு 550 வாட் சப்ளை வேண்டும் என்கிறது என்விடியா நிறுவனம். கேபினெட்டோடு மலிவாக வரும் சப்ளை இந்த பாரத்தை தாங்காமல் போகலாம்.

என்ன செய்யணும்? முதலில் பிளக்கை உருவி விட்டு தூசியை தட்டுங்கள். பிறகு ஆன் செய்து, பிராசசர் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். சூடு எல்லை மீறினாலும் கம்ப்யூட்டர் தானாக அணையும். அப்புறமும் அணைந்தால், தெரிந்த கடையில் வேறு நல்ல சப்ளையை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கேம் நிற்காமல் ஓடினால் கார்டு தப்பித்தது, காசும் மிச்சம்!

ஒரு எச்சரிக்கை: சப்ளை பெட்டியை மட்டும் வீட்டில் பிரிக்காதீங்க. பிளக்கை உருவிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். கை பட்டால் உயிருக்கே ஆபத்து.