சாலையில் ஒலித்த பொதுக்குரல்

பாரவண்டி செலுத்துவோர்க்கு, வளைவுக்கு அப்பால் உள்ள இடரை முன்னரே உணர்த்தும் குரலினும் சிறந்த துணை வேறில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அத்தகைய குரலாக விளங்கியது 'சி.பி.' எனச் சுருக்கமாக வழங்கப்பெறும் குடிமக்கள் அலைவரிசை வானொலி. அதன் எழுச்சியும் தளர்ச்சியும் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

கருவியின் இயல்பு

ஏறத்தாழ 27 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் இக்கருவியின் குரல் சில கிலோமீட்டர் தொலைவே செல்லும். பொத்தானை அழுத்திப் பேசலாம், விடுத்துக் கேட்கலாம். ஒருவர் பேசினால் அதே தடத்தில் உள்ள அனைவரும் கேட்பர். பேசுவதற்குக் கட்டணமில்லை, எதிரில் வருபவரின் எண்ணும் பெயரும் தெரிந்திருக்க வேண்டுவதில்லை.

எழுச்சியும் மாற்றமும்

1958இல் அமெரிக்க மக்களுக்கு இவ்வலைவரிசை வழங்கப்பட்டது. 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு நேர்ந்தது. 1974இல் மணிக்கு 55 மைல் என்னும் வேகவரம்பு நாடு முழுமைக்கும் விதிக்கப்பட்டது. எரிபொருள் எங்குக் கிடைக்கும், காவலர் எங்கு நிற்கின்றனர் என்பனவற்றை ஓட்டுநர்கள் இதன்வழியே பகிர்ந்துகொண்டனர். 19ஆம் தடம் ஓட்டுநர்க்கும், 9ஆம் தடம் ஆபத்துதவிக்கும் உரியனவாயின. நெரிசல் மிகவே, 1977இல் தடங்கள் 23இலிருந்து 40ஆக உயர்ந்தன.

பின்னர் அலைபேசியும் வழிகாட்டும் செயற்கைக்கோளும் வந்தன, அரட்டை குறைந்தது. எனினும் விபத்து, பனி, சாலையடைப்பு ஆகியவற்றை அறிவிக்க இக்கருவி இன்றும் பயன்படுகிறது. 2012இல் சரக்குந்து ஓட்டுநர்கள் கையில் அலைபேசி ஏந்திப் பேசுவதைத் தடுத்த அமெரிக்க விதி, சி.பி. வானொலியைத் தடுக்கவில்லை.

நம் நாட்டில்

இந்தியாவில் 1933ஆம் ஆண்டுச் சட்டம், கம்பியில்லாக் கருவி வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்றது. இவ்வலைவரிசையில் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு 2005இல்தான் விலக்கு அளிக்கப்பட்டது. 1995இல் தொடங்கிய அலைபேசியோ அதற்குள் பரவிவிட்டது. ஆகவே நம் லாரிகளில் சி.பி. வேரூன்றவில்லை. ஒலிப்பானும் விளக்குச் சைகையும் தேநீர்க்கடைப் பேச்சுமே நம் ஓட்டுநர்களின் செய்தித் தொடர்பாயின.

கச்சிராயபாளையத்தை எண்ணிப் பாருங்கள். இங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு அரவைக் காலத்தில் கரும்பு லாரிகள் அணிவகுக்கின்றன. இங்கிருந்தே கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்குச் சாலை ஏறுகிறது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வண்டி இறங்குங்கால், மறுவளைவில் பழுதுற்று நிற்கும் வண்டியைப் பற்றி அதன் ஓட்டுநருக்கு யார் உரைப்பார்? அவர் கையில் அலைபேசி இருக்கலாம்; ஆனால் நிற்பவரின் எண் அதில் இராது. மலைமறைவில் அலை எட்டாமலும் போகலாம்.

அலைபேசி அறிந்தவரோடு இணைக்கிறது, சி.பி. அருகில் இருப்பவரோடு இணைத்தது. சாலையில் நம் உயிர், நாம் அறியாத அண்டைவழியாளரின் எச்சரிக்கையைச் சார்ந்தே நிற்கிறது. கருவி எதுவாயினும், அயலாரைக் காக்க எழும் அப்பொதுக்குரல் நம் மலைச்சாலைகளிலும் ஒலித்தல் வேண்டும்.